வெயிலும் வேண்டாம், கொதிதண்ணியும் வேண்டாம்

லண்டனில் இருக்கும் தம்பி வளர்க்கும் ரோயல் பைத்தன் என்ற மலைப்பாம்பு, தீனியாகக் கொடுக்கும் உறைந்த எலியைத் தொடுவதில்லை என்று காத்தான்குடித் தங்கச்சி கேட்டிருந்தார். அதற்கு கல்முனை அண்ணன், "எலியை வெயிலில் வையுங்கள், தின்னாவிட்டால் கொதிதண்ணியில் போட்டெடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை அண்ணன்.

வெயிலில் வைத்தால் உள்ளே ஐஸ் கரையும் முன்பே வெளியே கிருமி பெருகிவிடும். கொதிதண்ணி மேல்தசையை அவித்துவிடும், தோலும் வயிறும் வெடிக்கும். மைக்ரோவேவும் கூடாது.

எலியை உறையில் போட்டு இறுக்கி மூடி, இரவு முழுக்க பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கட்டும். சமையல் மீன், இறைச்சியோடு சேர்க்க வேண்டாம், சல்மொனெல்லா வரும். பிறகு உறையோடே கை பொறுக்கும் சுடுதண்ணியில், சுமார் 40 பாகையில், வைக்கலாம். வயிற்றை அமத்திப் பார்த்து, கட்டியாகக் குளிர்ந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். இந்தப் பாம்பின் உதட்டோரக் குழிகள் சூட்டை உணரும். குளிர்ந்த எலியை அது இரையாகவே எடுக்காமல் விடுவது அதனால்தான். ஆகவே ஈரம் துடைத்து, சூடு ஆறுமுன், நீண்ட இடுக்கியால் இருட்டியபின் நீட்டச் சொல்லுங்கள்.

அப்பவும் தின்னாவிட்டால் எலியை வீசிவிடவும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. வாயைத் திறந்து திணிக்கவே வேண்டாம்! தோல் உரிக்கும் காலத்தில் இவை தின்ன மறுப்பது வழமை. நல்ல உடம்புள்ள பெரிய பாம்பு வாரக்கணக்கில் பட்டினி தாங்கும். மெலிந்துகொண்டே போனால் மட்டும் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் காட்டட்டும்.