எண்ணெய் வழியும் முகத்திலும் ஈரம் வற்றும்
"எண்ணெய்ப்பசைச் சருமத்துக்கு மாய்ஸ்சரைசர் தேவையில்லை" என்று முகப் பராமரிப்பு பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். இதே அறிவுரையை நம்பித்தான் நான் மூன்று வருடம் அவதிப்பட்டேன். சென்னை வெயிலில் பஸ் ஏறி அலுவலகம் சேர்வதற்குள் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும். நாளுக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுக் கழுவுவேன். பத்தே நிமிடத்தில் கன்னம் இழுத்துப் பிடிக்கும், மூக்கோரம் வெள்ளையாகத் தோல் உரியும், மதியத்துக்குள் மறுபடியும் எண்ணெய். தோல் மருத்துவர் சொன்ன பிறகே புரிந்தது: எண்ணெய் சுரப்பது வேறு, தோலின் மேலடுக்கில் நீர் தங்குவது வேறு. அமிலமா காரமா என்று காட்டும் அளவுதான் பி.எச்.; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். சாதாரண சோப்பின் பி.எச். 9, 10 வரை போகும். தோலுடையது 5-ஐ ஒட்டியது. அதனால் அடிக்கடி சோப்புப் போட்டால் தோலின் ஈரம் வற்றும். மென்மையான ஃபேஸ்வாஷ் இரண்டு வேளை, கிளிசரின் கலந்த எண்ணெயில்லாத ஜெல், இவ்வளவுதான். ஆறு வாரத்தில் தோல் உரிவது நின்றது. எண்ணெய் இன்னும் சுரக்கத்தான் செய்கிறது, ஆனால் எரிச்சல் இல்லை. அந்தக் கட்டுரைக்கான கருத்தில் எலுமிச்சைச் சாறு தடவச் சொல்லியிருக்கும் வாசகருக்கு: அதன் பி.எச். ஏறக்குறைய 2. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப்போகலாம், கொப்புளம்கூட வரலாம். பருவ வயதுப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள், தயவுசெய்து அந்த யோசனையை நீக்கிவிடுங்கள்.