சட்டைப்பைல போன் வந்துடுச்சு, மீதி எங்கய்யா?

'அந்தக் காலத்துலயே செல்போன கணிச்ச மேதை'னு ஒரு ஃபார்வர்டு அப்பப்ப சுத்தும் பாருங்க, ஒரு போட்டோ, கீழ ரெண்டு வரி, ஒரு லோடு கைதட்டல் எமோஜி. பெரும்பாலும் பொய் இல்ல. ஆனா எனக்கு அதுல ஒரு கடுப்பு இருக்கு. பலிச்சத மட்டும் வெட்டி எடுத்து சுத்த விடுறோம், அதே ஆளு அடுத்த வரில சொன்னது என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. என்னக் கேட்டா விஷயமே அந்த அடுத்த வரிலதான் இருக்கு.

1900ல அமெரிக்காவுல ஜான் எல்ஃப்ரெத் வாட்கின்ஸ்னு ஒருத்தர், அடுத்த நூறு வருஷத்துல என்னென்ன வரும்னு லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகைல ஒரு கட்டுரை எழுதுனாரு. கம்பி இல்லாமயே உலகம் பூரா போன் பேசலாம், எங்கயோ தூர தேசத்துல சண்டை நடந்தா ஒரு மணி நேரத்துல போட்டோ பேப்பர்ல வந்துடும், வெயில் காலத்துல வீட்டுக்குள்ள குழாயத் தெறந்தா ஜில்லுனு காத்து வரும். எல்லாம் ஃபுல் மார்க். அதே கட்டுரைல கொசு, ஈ, கரப்பான் மூணும் கிட்டத்தட்ட ஒழிஞ்சே போயிருக்கும்னும் போட்டிருக்காரு. மனுஷன சென்னை பள்ளிக்கரணைக்கு கூட்டிட்டு வந்து சாயங்காலம் ஆறரை மணிக்கு ஜன்னலத் தெறந்து வெச்சு அந்த வரிய சத்தமா படிக்கச் சொல்லணும். சமைச்ச சாப்பாடு வீட்டுக்கே வந்து எறங்கும்னும் சொன்னாரு, காத்தழுத்தக் குழாய்லயோ மோட்டார் வண்டிலயோ. வண்டிலதான் வருது. ஆனா அந்த வண்டிய ஓட்டிட்டு வர்ற பையன் அவர் கண்ணுக்குத் தெரியல பாருங்க, வேளச்சேரில முட்டி அளவு தண்ணில பைக்க தள்ளிக்கிட்டு, சாப்பாட்டுப் பைக்கு மேல தன்னோட ரெயின்கோட்ட போத்திட்டு தான் தொப்பலா நனஞ்சு வந்து 'அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார்'னு கேக்கறானே, அவன.

கிட்டத்தட்ட அதே சமயத்துல பிரான்ஸ்ல ஜான் மார்க் கோட்டேன்னு ஒரு ஓவியர், கூட இன்னும் சிலர், 2000ம் வருஷம் எப்படி இருக்கும்னு படம் படமா வரஞ்சு தள்ளிருக்காங்க. ரெக்க கட்டிட்டுப் பறக்குற தீயணைப்பு வீரர், பொஸ்தகத்த மெஷின்ல போட்டு அரைச்சு கம்பி வழியா பசங்க காதுல ஏத்துற ஸ்கூல். (இதப் பாத்துட்டு நீட் கோச்சிங் சென்டர நெனச்சவங்க கை தூக்குங்க.) எனக்கு அதுல பிடிச்சது தரை தேய்க்கிற மின்சார மெஷின் படம்தான். மெஷின் ஜோரா தரையத் தேய்ச்சுட்டு இருக்கு, பக்கத்துல நின்னு அத இயக்குறது யாருன்னு பாத்தா ஏப்ரன் கட்டுன வேலைக்காரம்மா! நூறு வருஷம் தாண்டி மெஷின யோசிக்க முடிஞ்ச ஆளுக்கு, அந்த வீட்டுல வேலைக்காரம்மா இல்லாமப் போவாங்கன்னு யோசிக்க வரல. இல்ல, அதுதான் சரியான கணிப்போ என்னவோ. நம்ம வீடுகள்ல ரோபோ வேக்யூம் வாங்குன பொறவும் அக்கா காலைல ஏழு மணிக்கு வந்துட்டுத்தான இருக்காங்க.

வீடியோ கால் கத தனி காமெடி. ஏடி அண்ட் டிங்கற அமெரிக்க போன் கம்பெனி 1964ல நியூயார்க் கண்காட்சில பிக்சர்போன்னு ஒண்ண காட்டி, 1970ல பிட்ஸ்பர்க்ல வியாபாரத்துக்கே எறக்குனாங்க. மாசம் 160 டாலர், அதுவும் அரை மணி நேரப் பேச்சுக்கு. ஊத்தி மூடிட்டாங்க. இப்ப அது ஓசில கெடைக்குது, நம்ம அம்மாக்கள் போன காதுல வெச்சுக்கிட்டே வீடியோ கால் பேசுறாங்க, நமக்கு கம்மலும் சீலிங் ஃபேனும் தெரியுது.

1964லயே சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பிபிசில வந்து, இன்னும் ஒரு அம்பது வருஷத்துல லண்டன்ல இருந்து பாக்குற வேலைய பாலித்தீவுல ஒக்காந்தே பாக்கலாம்னு சொன்னாரு, அவர் அப்ப இருந்ததே கொழும்புலதான். டெக்னாலஜி கரெக்டா வந்துச்சு, லாக்டவுன்ல ரெண்டு வருஷம் ஓட்டியும் காட்டியாச்சு. அப்புறம் 'எல்லாரும் ஆபீஸ் வாங்க'னு ஒரே ஒரு மெயில், திரும்ப ஐடி கம்பெனிங்க இருக்குற ஓஎம்ஆர் ரோட்டு டிராஃபிக். பொருளாதார மேதை கெயின்ஸ் 1930ல, நூறு வருஷத்துல வாரத்துக்கு 15 மணி நேரம் வேல பாத்தா போதும்னு எழுதுனாரு. சோழிங்கநல்லூர் சிக்னல்ல நிக்கிற யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாங்க.

நம்ம ஊர் ஆளுக்கு வரேன். பெரியார் 1940கள்ல 'இனிவரும் உலகம்'ங்கற நூல்ல சொன்னது உங்களுக்கும் வந்திருக்கும்: கம்பியில்லாத் தந்தி சாதனம் ஒவ்வொருத்தர் சட்டைப்பைலயும் இருக்கும், உருவத்தக் காட்டிப் பேசிக்கலாம், ஒரு எடத்துல இருந்தே பல ஊர் ஜனங்களுக்குப் பாடம் நடத்தலாம். மூணும் நடந்துடுச்சு. ஃபார்வர்டு அங்கயே நின்னுடும். ஆனா அவர் அங்க நிக்கல. கஷ்டமான ஒடம்பு வேலையே இருக்காது, கக்கூஸ் எடுக்குற வேலை கூட மனுஷனுக்கு இருக்காது, எல்லாம் மெஷின் பாத்துக்கும்னும் சொல்லிருக்காரு. அவருக்கு போன் வர்றதும் அந்த வேலை போறதும் ஒரே கணக்கு. நாம போன மட்டும் வாங்கிக்கிட்டோம்.

ஏன்னு கேட்டா என் பதில் சிம்பிள்தான். அந்த வேல இன்னும் நிக்காததுக்குக் காரணம் மெஷின் கண்டுபிடிக்கறது கஷ்டம்ங்கறது இல்ல, ஆள் சல்லிசா கெடைக்கிற எடத்துக்கு மெஷின் வராது, அவ்ளோதான். நிலாவுக்கு அனுப்புற ஊருக்கு மேன்ஹோலுக்குள்ள விட ஒரு கருவி செய்யத் தெரியாதா என்ன? தண்ணியப் பீச்சியடிச்சு அடைப்பெடுக்குற ஜெட்டிங் லாரி இருக்கு, கேரளாவுல செஞ்ச ரோபோவே இருக்கு. ஆனா ரெண்டு பேர உள்ள எறக்குறது அதவிட மலிவா இருக்கறவரைக்கும் அது கண்காட்சிச் சாமான்தான். 2013ல மனுஷன வெச்சு மலம் அள்ளுறதத் தடுக்குற சட்டம் வந்துச்சு, 2014ல சுப்ரீம் கோர்ட் உள்ள எறங்கி செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு, 2023ல அத 30 லட்சமா ஏத்துச்சு. ஏத்த வேண்டி வந்ததுலயே தெரியுதுல்ல, சாவு நிக்கலன்னு.

எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்ல போன மாசம் வாசல் கேட்டுக்கு மூஞ்சியப் பாத்துத் தொறக்குற கேமரா போட பத்தே நிமிஷத்துல ஓகே ஆச்சு. அடுத்தது செப்டிக் டேங்க். மெஷின் வண்டிக்கு ஒரு ரேட்டு, 'ரெண்டு பசங்கள எறக்கி முடிச்சுடறேன் சார்'னு சொன்னவருக்கு அதுல பாதி. 'பாதியே போதுமே'னு பின்னாடி இருந்து ஒரு குரல், அஞ்சாறு தல ஆடுச்சு. மூணாவது மாடி ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க எழுந்து, உள்ள எறக்குனா வேலைக்கு வெச்சவங்க மேலதான் கேஸ், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், சட்டத்துலயே இருக்குன்னாங்க. செகரட்டரி ஒண்ணும் பேசல. மெஷின் வண்டிக்கே போன் போட்டாரு.