மலையைத் தேடி அலைய வேண்டியதில்லை

'உற்சாகம் வற்றினால் புது ஊர், புது காட்சி தேடிப் போங்கள்' என்கிறது ஓவியம் வரைகிறவர்களுக்கான ஒரு கட்டுரை. எனக்கு நேர்மாறாகத்தான் நடந்தது. சேலத்துக்காரன், ஞாயிறு மட்டும்தான் பிரஷ் பிடிக்க நேரம். ரெண்டு வருஷம் ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி என்று அலைந்ததில் வரைகிற நோட்டுதான் தீர்ந்தது, ஒரு படம்கூடத் தேறவில்லை.

இப்போது மொட்டைமாடியிலிருந்து தெரிகிற சேர்வராயன் மலை மட்டும்தான். பிரெஞ்சு ஓவியர் செசானே தன் ஊர் மலை ஒன்றைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்தானே! காலை ஆறரைக்கு மலை வெறும் சாம்பல் நீலம். வெயில் ஏற ஏற மடிப்பு மடிப்பாகப் பிரியும். முன்மடிப்பு பச்சை, பின்னால் போகப் போக நீலம் வெளுக்கும். அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா பழுப்பு கலந்தால் அந்தச் சாம்பல் வரும். இதைப் பிடிக்கவே ஒரு மழைக்காலம் போனது.

ஏற்காட்டில் வாட்டர்கலர் போடுகிறவர்களுக்கு ஒன்று: பனிமூட்டத்தில் தாள் லேசில் காயாது. பகோடா பாயின்ட்டில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, பொறுமையிழந்து ஈரத்தின் மேலேயே அடுத்த பூச்சு. நிறம் பரவித் திட்டுத் திட்டாகி, சில்வர் ஓக் மரமெல்லாம் காலிஃப்ளவர் ஆகிவிட்டது! அதிலிருந்து அங்கே போனபோதெல்லாம் பென்சில் மட்டும், வண்ணம் வீட்டில். வீட்டம்மா ஹாலில் மாட்டியிருப்பது அந்தக் காலிஃப்ளவர் படத்தைத்தான்.