அந்தக் கண்ணாடியைத் துடைக்காதீர்கள்

ஹட்டன் பக்கம் பழைய கெமரா கைக்கு வந்தால் பூஞ்சைகூட எனக்குப் பெரிய கவலையில்லை. மழையும் பனிமூட்டமுமான ஊர், லென்ஸில் பிடிக்கத்தான் செய்யும். வயிறு எரிவது மேல்மூடியைக் கழற்றும்போதுதான். முன்னால் யாரோ ‘கிளீன்’ பண்ணியிருப்பார்கள்! இரண்டு உருவங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்குள் பாதி ஒளியை விட்டு, பாதியைத் திருப்பும் கண்ணாடியின் மெல்லிய பூச்சு ஸ்பிரிட் பஞ்சோடு போயிருக்கும். பூச்சு போனால் இரண்டாவது உருவம் மங்கிவிடும். பிறகு எந்தத் திருகைத் திருப்பி என்ன, பொருந்துகிறதா என்று கண்ணுக்குத் தெரிந்தால்தானே!

திருகுத் தலைகளும் தேய்ந்திருக்கும். ஜப்பான் கெமராவுக்கு ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தரத்து ஸ்குரூ டிரைவர் முனை வேண்டும், சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கும்.

1972இல் வந்த கெனொனெட் கெமரா ஒன்று இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது. அதை ஒரு பஞ்சால் குருடாக்கலாமா? தூசியை ஊதிவிட்டால் போதாதா?