ஆவுளியா தெரிந்தவனும் மிளகாய் தெரிந்தவளும்

பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வாசிக்க உட்காருவார்கள். நான் டீச்சர் எல்லாம் இல்லை. திண்ணை இருக்கிறது, நேரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வருடம் கடல்பசு பற்றி ஒரு பக்கம் கொடுத்தேன். பரமக்குடிப் பக்கமிருந்து புதிதாக வந்திருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் கடகடவென்று வாசித்தாள். "அது ஏன் அடிக்கடி மேலே வருது?" என்று கேட்டேன். முழித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையன் குறுக்கே விழுந்தான்: "ஆவுளியாதானே அக்கா? மூச்சு விட வரும். அப்புறம் தாழை மேயக் கீழ போயிரும்." கடலடிப் புல்லைத்தான் தாழை என்கிறான். அவன் தாத்தா கரைவலை இழுத்தவர்.

மறுவாரம் முண்டு மிளகாய் பற்றிய பக்கம். இந்த முறை அவன் முழித்தான். களத்தில் வற்றல் காயப்போட்ட வீட்டிலிருந்து வந்த அந்தப் பரமக்குடிப் பெண் விளக்கோ விளக்கு என்று விளக்கினாள்.

அமெரிக்காவில் 1988இல் 64 மாணவர்களிடம் இதையே பேஸ்பால் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, சுமாராக வாசித்தாலும் ஆட்டம் தெரிந்தவர்களே அதிகம் புரிந்துகொண்டார்கள். எழுத்துக்கூட்டும் பழக்கம் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திங்கட்கிழமை காந்தி, செவ்வாய் கங்காரு, புதன் டெங்கு என்று துண்டு துண்டாகக் கொடுத்துவிட்டு 'மையக்கருத்து என்ன?' என்று கேட்பது எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. எதுவும் மனதில் தங்குவதற்குள் பக்கம் மாறிவிடுகிறது.

அதனால் இப்போது மூன்று வாரத்துக்கு ஒரே விஷயம். முதலில் எடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஏன் 61 நாள், மீன் எப்போது முட்டையிடும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) என்னென்ன வாழ்கின்றன என்று. கடினமான பகுதிகளை நான் சத்தமாக வாசிப்பேன், அவர்கள் விரல் வைத்துத் தொடருவார்கள். முதல் வாரம் 'இனப்பெருக்கம்' என்ற சொல்லில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். மூன்றாவது வாரம் அதைச் சும்மா தாண்டிப் போனார்கள். அப்புறம் அதே சொல் அறிவியல் பாடத்தில் வந்தபோது, அந்தப் பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து காட்டினான்!

கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடல் மட்டும் போதுமா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாதுதான். ஆனால் ஆவுளியாவுக்கு யானை தூரத்து உறவு என்று வாசித்த அன்றே இவர்கள் யானையைக் கேட்டார்கள். காடு அப்படித்தான் திண்ணைக்கு வந்தது.

இந்த மாதம் காற்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம். அந்தப் பையனின் தாத்தா வந்து என்னைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நேற்றுப் பையன் கேட்டான்: "தனுஷ்கோடியை அழிச்ச 1964 புயல் டிசம்பர்லதானே வந்துச்சு? வாடை வீசுற நேரத்துல அது எங்கேருந்து கிளம்புச்சு?"

புயல் உருவாவதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லும் தமிழ்ப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் வேண்டும்.