அந்த 2.1 கோடி டாலர் பற்றி

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் ஓட்டுப்பதிவைக் கூட்ட அமெரிக்கா கொடுத்த 2.1 கோடி டாலரில் பங்கு வந்தது என்று ஒரு நண்பர் பதிவு எழுதியிருக்கிறார். தவறு. இந்தியாவில் வாக்குப்பதிவுக்காக அப்படி ஒரு தொகையை யுஎஸ்எய்டு (அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக இருந்தது) பெறவும் இல்லை, தரவும் இல்லை என்று அமெரிக்கத் தூதரகமே சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சகம் இதை மாநிலங்களவையில் தெரிவித்தது.

சரி, யுஎஸ்எய்டு பணமே இந்தியாவுக்கு வரவில்லையா? வந்தது. 2023-24இல் ஒன்றிய அரசோடு சேர்ந்து 7 திட்டங்கள், மொத்த மதிப்பு சுமார் 75 கோடி டாலர். வேளாண்மை, குடிநீர், சுகாதாரம் போன்றவை. வாக்குப்பதிவுக்கு எதுவும் இல்லை. நிதி அமைச்சக ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது.

அப்புறம், நான் மலையில் தேர்தல் பணி பார்த்தவன். மேடு பள்ளம் நடந்து வந்து வரிசையில் நிற்கும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓட்டை வெளிநாட்டுக் காசோடு முடிச்சுப் போடாதீர்கள். நண்பரே, தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்துங்கள்.