விடை சரி, அது எப்படி வந்தது?

போன சனிக்கிழமை காலை எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு குறுக்கெழுத்துக் குறிப்புப் போட்டேன்.

காப்பாற்றினான், ‘பருகு’ என்றான், எந்த ஊரில்? (6)

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் ‘காத்தான்குடி’ என்று போட்டுவிட்டார். சரியான விடை. கைதட்டல் படங்கள் வரிசையாக வந்தன. நான் விளக்கம் எழுதத் தொடங்கியபோது, “விடைதான் வந்திட்டே, மறுகா என்ன வகுப்பு?” என்று ஒருவர் கேட்டார். நானும் எழுதியதை அழித்துவிட்டேன்.

பின்னேரம் அதே குழுவில் இருக்கும் ஒரு தங்கச்சி தனியாக எழுதியிருந்தார்: “அண்ணா, காத்தான்குடி சரி. அங்க யாரை யார் காப்பாத்தினது? எந்த வருசம்?”

அவர் அதைச் சரித்திரக் கேள்வி என்று நினைத்திருக்கிறார். விடை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, ஆனால் அவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். விளக்கத்தை அழித்தது பெரிய பிழை என்று அப்போதுதான் உறைத்தது. அதற்காகத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம்.

அந்தக் குறிப்பில் கதை எதுவும் இல்லை. காப்பாற்றினான் என்றால் காத்தான். பருகு என்றால் குடி. இரண்டையும் ஒட்டினால் ஆறு எழுத்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் அதுதான். ‘எந்த ஊரில்’ என்பது விடையின் பொருள், காத்தான்குடி மட்டக்களப்புப் பக்கத்து ஊர். இவ்வளவுதான். இந்த வகைக் குறிப்பில் விடைக்கு இரண்டு வழி இருக்கும். ஒன்று நேரான பொருள், அது குறிப்பின் தொடக்கத்தில் அல்லது முடிவில் நிற்கும். மற்றது சொல்லை உடைத்தோ, ஒட்டியோ, குழப்பியோ, தலையை வெட்டியோ போகும் வழி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும். வாசிக்கும்போது தெரியும் கதை வெறும் போர்வை.

‘உடைந்த கதவுக்கு என்ன தகுதி? (3)’ என்று கேட்டால் தச்சனைத் தேடக்கூடாது. க, த, வு என்ற மூன்றையும் கலைத்து அடுக்கினால் தகவு. தகவு என்றால் தகுதி. ‘தலை போன கவிதை, மண்ணில் போட்டால் முளைப்பது (2)’ என்றால் கவிதையின் முதலெழுத்தை எடுத்துவிடுங்கள், விதை மிஞ்சும்.

நாங்கள் வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்தில் வளர்ந்தவர்கள். ‘அரசன், திரும்பியுள்ளான்’, ‘ஒரு பூ, குழம்பியுள்ளது’ என்று வரும். அதை ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்குப் பென்சில் பிடித்துக் கட்டம் நிரப்பப் பழக்கியது அதுதான். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. சின்ன வயதில் பார்த்த ஒரு குறிப்பு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது: ‘மழைக்கு வரும் (3)’. நான் தவளை என்று எழுதினேன். அக்கா ஈசல் என்றார். அப்பா காளான் என்றார். மூன்றுக்கும் மூன்று எழுத்துத்தான். அடுத்த கிழமை விடை ஈசல் என்று வந்தது. ஏன் தவளை இல்லை என்று பத்திரிகை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, காரணம் இருந்தால்தானே சொல்வதற்கு!

இதையே ‘தங்கை முதல், எலியின் வீடு அடுத்து, மழைக்குக் கத்துவது யார்? (3)’ என்று போட்டுப் பாருங்கள். தங்கையின் முதலெழுத்து த. எலியின் வீடு வளை. தவளை. இனி ஈசலும் காளானும் அந்தப் பக்கம் வர முடியாது.

குறுக்கெழுத்து 1913 டிசம்பரில் ஆதர் வின் என்பவர் நியூயோர்க் பத்திரிகை ஒன்றில் தொடங்கியது. அதை இப்படிச் சொல் விளையாட்டாக மாற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களில் பெயர் பெற்ற இரண்டு பேர் வைத்துக்கொண்ட புனைபெயர்கள் டோர்கெமாடா, ஸிமெனிஸ். இரண்டுமே ஸ்பெயினில் சமய விசாரணை நடத்தியவர்களின் பெயர்கள். விடை தேடுபவரை வதைக்கிறோம் என்ற நினைப்பில் வைத்த பெயர்கள்தான். எனக்குப் பிடித்தவர் அஃப்ரிட் என்ற பெயரில் எழுதிய இன்னொருவர். 1949இல் அவர் வைத்த விதி இது: நான் சொல்வதையே நான் கருத வேண்டியதில்லை, ஆனால் கருதுவதைச் சொல்லியே ஆக வேண்டும். போர்வை எப்படியும் இருக்கட்டும், சொற்கள் பொய் சொல்லக்கூடாது என்பது அதன் அர்த்தம்.

அந்த விதியைக் காப்பாற்றுவது விளக்கம்தான். நாளைக்கு எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று தெரிந்தவர், குறிப்பில் ஒரு சொல்லைச் சும்மா செருக மாட்டார். விடையோடு முடித்துக்கொள்ளும் இடத்தில் எந்த ஓட்டைக் குறிப்பும் தப்பிவிடும்.

சிலர், இது ஆங்கிலத்துக்குத்தான் சரிவரும், தமிழில் இழுத்துக்கட்ட வேண்டும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உயிர்மெய் ஒரே கட்டத்தில் இருப்பதால் எழுத்தைக் கலைப்பது கஷ்டம் என்பது உண்மை. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதும் உண்மை. ஆனால் நமக்குச் சொல்லும் சொல்லும் சேரும்போது எழுத்து மாறும் புணர்ச்சி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர்களையே பாருங்கள். ‘வந்து அரை டசின் கோணமா? பல்கலைக்கழகம் உள்ள ஊர் (6)’. வந்து, ஆறு, மூலை. சும்மா ஒட்டினால் ஏழு எழுத்து வரும். ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோமே, ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்’ என்று. வந்துவின் உகரம் ஓட, வந்தாறுமூலை ஆறு எழுத்தில் வந்து நிற்கும். சோதனைக்காகப் படித்து மறந்த நன்னூல் சூத்திரம் கட்டத்துக்குள் உயிரோடு வேலை செய்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோசத்தைச் சொல்ல முடியாது. இந்தச் சந்தோசம் விளக்கத்தில்தான் கிடைக்கும், விடையில் இல்லை.

புதிதாக ஒன்றும் கேட்கவில்லை நான். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் காளமேகப் புலவர் பாடிய சிலேடையை எல்லாரும் படித்திருப்போம். நஞ்சு இருக்கும் என்றால் பாம்பு. அதே ‘நஞ்சு’ நைந்து என்று ஆகும்போது கனிந்த பழம். அந்த இடத்தை ரீச்சர் பிரித்துக் காட்டிய பிறகுதானே வகுப்பே சிரித்தது? “இந்தப் பாட்டு பாம்பையும் பழத்தையும் பற்றியது” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தால் யாருக்கு அது நினைவிருக்கும்?

அம்மம்மாவும் அப்படித்தான். இரவில் மின்சாரம் நின்றால் திண்ணையில் பாய் போட்டு நொடி, அதாவது விடுகதை, போடுவார். விடையைச் சொன்னால் விடமாட்டார். “எப்பிடி மனே?” என்பார். சொல்லத் தெரியாவிட்டால் அந்த நொடி அவிழவில்லை என்று கணக்கு. அவர் அடிக்கடி சொல்லும் பழமொழி, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது. அதை வைத்தே நான் ஒரு குறிப்பு எழுதினேன்: ‘கண்ணடிக்கு இது மேல், பழைய இரும்புப் பாலம் தாண்டினால் வரும் (4)’. விடை கல்லடி, மட்டக்களப்பில் அந்தப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஊர். அவர் இருந்திருந்தால் முதல் ஆளாகச் சொல்லியிருப்பார், எப்படி என்பதோடு.

அந்தத் தங்கச்சிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “அப்ப அடுத்ததை நான் முதல்ல சொல்லுவன்.”

அன்று பின்னேரம் அக்காவின் மகன் வந்திருந்தான். பத்து வயது. கொப்பியில் கட்டம் கீறி அவனிடம் கொடுத்தேன்: ‘மறுகரையில் ஆசை, அம்பாறை மாவட்டத்து ஊருக்கு (8)’. மறுகரை அக்கரை என்று உடனே சொல்லிவிட்டான். ஆசைக்குப் பற்று கொஞ்சம் நேரம் எடுத்தது. கட்டத்தில் எழுதிப் பார்த்தான். அக்கரைக்கு நாலு கட்டம், பற்றுக்கு மூன்று. கடைசியில் ஒரு கட்டம் வெறுமையாக நின்றது. திரும்பவும் விரல் வைத்து எண்ணினான். நான் வாயே திறக்கவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது. வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான், பிறகு அழிறப்பரை எடுத்து பற்றை முழுக்க அழித்தான். “மாமா, நடுவில ஒரு ப் வருது!” என்று கத்திக்கொண்டு ஐந்தாவது கட்டத்தில் அதை அழுத்தி எழுதினான்.

இனி உங்களுக்கு ஒன்று. ‘குலைபோடும் மரத்துக்குப் பின்னே படை, கடதாசி ஆலை ஊர் (5)’. விடையை மட்டும் கொமென்டில் போடாதீர்கள், எப்படி என்றும் எழுதுங்கள். அந்தத் தங்கச்சியும் வாசிப்பார்.